மேற்கே பார்த்து நிறுத்திய கார்

எங்கள் கார் எப்போதும் மேற்கே பார்த்துத்தான் நிற்கும். பள்ளிக்கூடத்திலிருந்து எவ்வளவு களைத்து வந்தாலும் சந்துக்குள் பின்பக்கமாகவே ஓட்டி வந்து, வண்டியின் மூக்கு ரோட்டைப் பார்க்கும்படி நிறுத்திவிட்டுத்தான் இறங்குவேன். "டீச்சர் வண்டி என்னா, கடலுக்கு முதுகு காட்டிக்கினே நிக்குது?" என்று தெருவில் கேலி பேசுவார்கள். பேசிவிட்டுப் போகட்டும். டேங்கில் பெட்ரோலைப் பாதிக்குக் கீழே இறங்க விடமாட்டேன். டிரைவருக்குப் பக்கத்து சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளியே வைத்திருப்பேன். அம்மாவைத் தூக்கி உட்கார வைத்தால் காலை மடக்காமல் நீட்டிக்கொள்ள இடம் வேண்டும்.

நான் பயந்தாங்கொள்ளி. அதை மறைக்கும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. முன்பெல்லாம் கரப்பான்பூச்சிக்கும் தலைமையாசிரியருக்கும்தான் பயப்படுவேன். 2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்த பிறகு பயம் என்பதற்கே எனக்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா மீன் வாங்கக் கரைக்குப் போயிருந்தாள். அலை தூக்கியெறிந்த ஒரு ஃபைபர் படகு அவளை வலை பின்னும் கூடத்துச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது. என் வீட்டுக்காரரும் பங்காளிகளும் படகைப் புரட்டி அவளை வெளியே எடுத்தபோது உயிர் இருந்தது, இடுப்புக்குக் கீழே அசைவில்லை. யார் வீட்டிலிருந்தோ பெயர்ந்து கிடந்த ஒரு கதவில் அவளைக் கிடத்தி மெயின் ரோட்டுக்குத் தூக்கி வந்தோம். எல்லோரும் அலையைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அலையைவிட அந்த ரோடுதான் ஞாபகத்தில் இருக்கிறது. வந்த வண்டிகளெல்லாம் ஆட்களைத் திணித்துக்கொண்டு வந்தன, நிற்காமல் போயின. அம்மா அழவில்லை. கதவில் மல்லாந்து படுத்தபடி, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு கையை மட்டும் தூக்கித் தூக்கிக் காட்டினாள். வெயில் உச்சிக்கு ஏறிய பிறகுதான் ஒரு பால் வேன் நின்றது.

உயிர் பிழைத்தாள். தொடையில் தகடு வைத்தார்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடப்பாள், படி இறங்க ஆள் வேண்டும். சுனாமிக்குப் பிறகு எங்களுக்குக் கட்டிக் கொடுத்த புது வீடு கரையிலிருந்து கொஞ்சம் தள்ளித்தான் இருந்தது, ஆனாலும் காற்று திரும்பினால் அலைச் சத்தம் கேட்கும். ஊரைவிட்டே போய்விடலாம் என்று நான் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். "படவ என்னா ஒரத்தூர் வயக்காட்டுல கொண்டு போய்க் கட்டட்டுமா?" என்பார் என் வீட்டுக்காரர். கடலில் போகிற மனுஷர், அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அப்படியானால் ஒரு கார் வேண்டும் என்றேன். இன்னொரு முறை கடல் வந்தால், ரோட்டில் நின்று வண்டிக்குக் கை காட்ட என்னால் முடியாது.

ரெண்டு வருஷம் பேசிப் பேசியே அவரைக் கரைத்தேன். 2007இல் ஒரு பழைய வெள்ளை நிற பெட்ரோல் கார் வீட்டுக்கு வந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டக் கற்றுக்கொண்டேன். அவர் கற்றுக்கொள்ளவில்லை. பேரலையில் படகை நேராக நிறுத்துகிற மனுஷர், கிளட்சில் கால் வைத்தால் வண்டி தவளை மாதிரி குதித்தது. "இது நமக்கு ஆவாது புள்ள, நீயே ஓட்டு" என்று இறங்கிவிட்டார்.

ஓட்டுவது என் வேலை, காப்பாற்றுவது அவர் வேலை என்று ஆகிப்போனது. கரையோரத்தில் இரும்பை வெறுமையாக விட்டால் அது நம்முடையது இல்லை, உப்புக் காற்றினுடையது. ஓர் ஆணியைக்கூட விட்டுவைக்காது. அதனால் எங்கள் ஆட்கள் கையில் ஒரு கிரீஸ் டப்பா இல்லாமல் இருக்கமாட்டார்கள். படகு இன்ஜினின் ஒவ்வொரு போல்ட்டுக்கும், ஒவ்வொரு வயர் முனைக்கும் அப்பி வைப்பார்கள். இவர் அதோடு நிற்பவர் இல்லை. சைக்கிள், கேட்டுக் கொக்கி, பம்ப்பு, அம்மாவின் வாக்கர் மடிப்பு எல்லாவற்றுக்கும் பூசுவார். ஒருநாள் கேஸ் அடுப்பின் காலில் கிரீஸ் இருந்ததைப் பார்த்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்தாள். காரின் கதவுக் கீலுக்கும் அடிப்பக்கத்துக்கும் அவர் பூசியபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷமாகவே இருந்தது.

2011 தொடக்கத்தில் ஒரு காலையில் டாஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. இன்ஜின் மாதிரி ஒரு சின்னப் படம். கடலூரில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். டாஷ்போர்டைப் பிரித்தார், கொஞ்ச நேரம் குடைந்தார், விளக்கு அணைந்துவிட்டது. நானும் நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். அந்த மகராசன் பல்பையே கழற்றிவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அம்மாவின் காலைக் காட்டச் சிதம்பரத்துக்கு அவ்வப்போது அழைத்துப் போவேன். அப்படி ஒருநாள் போகும்போது புதுச்சத்திரம் தாண்டி வண்டி இழுக்க மறுத்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் விக்கியது, காலை எடுத்தால் இன்ஜின் செத்தது. பெட்ரோல் நாற்றம் குப்பென்று உள்ளே வந்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கறுப்புப் புகை. ஓரம் கட்டி நிறுத்தினேன். லாரிகள் உரசிக்கொண்டு போயின. பக்கத்தில் அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள், இடது பக்கம் எங்கேயோ கடல் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இருக்கிறது. சாவியைத் திரும்பத் திரும்பத் திருகிக்கொண்டே இருந்தேன்.

"இப்ப ஒண்ணும் வர்லியே, ஏன் இப்புடி ஒதர்ற?" என்றாள் அம்மா.

"வந்திருந்தா?" என்றேன்.

அம்மா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஒரு மினி லாரியை நிறுத்தப் பார்த்தாள். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்க்கக்கூடாது என்றுதானே இந்தக் காரையே வாங்கினேன்.

இன்ஜின் ஆறியதும் எப்படியோ கிளம்பியது. உருட்டிக்கொண்டு சிதம்பரம் போய்ச் சேர்ந்தோம். பைபாஸ் பக்கம் ஒரு பட்டறையில் ஸ்கேனர் இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் ஒருவர் சொன்னார். அந்த மெக்கானிக் எரிந்து விழுகிற ஆள். என் வண்டி புகையை முகர்ந்துவிட்டு, "எத்தினி நாளா இப்புடி ஓட்டுறீங்க? லைட்டு எரியலியா?" என்று அதட்டினார். விளக்கின் கதையைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். ஸ்கேனரைச் சொருகிப் பார்த்து, ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்றார்.

அப்படி ஒரு பொருள் காரில் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாயில் கட்டைவிரல் அளவுக்கு ஒன்று திருகியிருந்தது, பின்னால் நாலைந்து வயர். வெளியேறுகிற புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்து இன்ஜினுக்குச் சொல்லிக்கொண்டே இருக்குமாம். அதை வைத்துத்தான் எவ்வளவு பெட்ரோல் விடுவது என்று இன்ஜின் முடிவு செய்யுமாம். சென்சார் செத்தால் இன்ஜினுக்குக் கண் தெரியாது, பெட்ரோலை அள்ளிக் கொட்டும், கடைசியில் மூச்சுத் திணறி நிற்கும்.

புது சென்சார் வரவழைத்து மாட்டிய அன்று என் வீட்டுக்காரரையும் அழைத்துப் போயிருந்தேன். மெக்கானிக் இன்ஜினைச் சூடாக்கி, பழையதைத் திருகி எடுத்தார். புதியதன் முனையைக் கை படாமல் பிடித்துக்கொண்டு, திருகும் மரையில் மட்டும் சாம்பல் நிறப் பசையைத் துளியூண்டு தடவினார். அடுத்த முறை கழற்றும்போது மரை இறுகியிருக்கக் கூடாது என்பதற்காக. என் வீட்டுக்காரர் குனிந்து அதைப் பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. அந்தத் திருப்தியை அன்றைக்கே நான் கவனித்திருக்கலாம். மஞ்சள் விளக்குக்கும் புது பல்பு போட்டுக்கொண்டு, நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய மாதிரி வீடு திரும்பினேன்.

அந்த வருஷக் கடைசியில் புயல் அடித்தது. கடலூர்க்காரர்களுக்கு அதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. ரோட்டில் மரம் என்று ஒன்று மிஞ்சவில்லை. அந்தப் புயலில் கடல் தண்ணீரே மழையோடு சேர்ந்து பறந்து வந்து எல்லாவற்றின் மேலும் படிந்தது. காரைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தோம். மறுநாள் பானெட்டைத் திறந்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்பு. என் வீட்டுக்காரர் வாளியில் நல்ல தண்ணீர் எடுத்து வந்து துடைக்க ஆரம்பித்தார். அம்மாவுக்குக் கால் அந்தக் கார்தான் என்று அவருக்கும் தெரியும்.

பொங்கல் கழிந்து சில வாரத்தில் வண்டியில் ஏதோ தீயும் நாற்றம் வந்தது. பிறகு பானெட் இடுக்கில் புகை. பள்ளிக்கூட வாசலிலேயே நிறுத்திவிட்டு, தீப்பிடித்துவிட்டது என்று இறங்கி ஓடினேன். வாட்ச்மேன் ஒரு குடம் தண்ணீரோடு வந்து நின்றபோது புகையையே காணோம். பிள்ளைகள் முன்னால் மானம் போயிற்று. அடுத்த வாரம் மஞ்சள் விளக்கு வந்தது. அதற்கடுத்து அதே விக்கல், அதே கறுப்புப் புகை. காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன் போய் வண்டியைக் கிளப்பிப் பார்ப்பேன். கிளம்பினால் அன்றைக்குப் பயம் பாதி. இழுத்துக்கொண்டு நின்றால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருப்பேன், காதெல்லாம் கிழக்கே இருக்கும்.

"புதுசு போட்டு ஒரு வருசம்கூட ஆவல மாமா, எப்புடிப் போவும்?" என்று கேட்டால், "நானும் நல்லாத்தான் பாத்துக்குறேன்" என்பார். எப்படிப் பார்த்துக்கொள்கிறார் என்று நான் கேட்கவில்லை.

2012 சித்திரை பிறக்க இன்னும் சில நாள் இருந்தது. பரீட்சை நேரம். கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கிக்கொண்டு நான் மட்டும் சிதம்பரம் கிளம்பினேன். புது சென்சாரைப் பாண்டியிலிருந்து பஸ்ஸில் போட்டுவிட்டிருப்பதாக மெக்கானிக் போனில் சொல்லியிருந்தார். மதியத்துக்குள் மாட்டிவிட்டுத் திரும்பிவிடலாம்.

பஸ் வரவில்லை. காத்திருக்கிற நேரத்தில் பழையதைக் கழற்றி வைக்கலாம் என்று மெக்கானிக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். சென்சார் வயரின் முனையில் இருந்த கப்ளரைப் பிரித்து என்னிடம் நீட்டினார். உள்ளே கிரீஸ். பித்தளை ஊசிகளே தெரியாத அளவுக்குக் கெட்டியாக அடைத்திருந்தது. வயர் முழுக்கக் கிரீஸ். சென்சாரின் உடம்பில் பூசியது சூட்டில் வெந்து கறுப்பாக அப்பிக்கிடந்தது. பள்ளிக்கூட வாசலில் வந்த புகை இதுதான்.

"யாரு டீச்சர் இந்த வேலையப் பாத்தது?"

"எங்க வீட்டுக்காரரு. உப்புக் காத்து பட்டுடக் கூடாதுன்னு..."

"அன்னிக்கு நான் மரையில துளி வச்சத பாத்துட்டு, பூரா வச்சுட்டாரா?" ஒரு கணம் கத்தப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார். "இது புகைய மட்டும் பாக்காது டீச்சர். வெளிக் காத்தையும் இந்த வயரு வழியா இழுத்துக்கும். ரெண்டையும் வச்சுத்தான் கணக்குப் பாக்கும். மூக்கப் பொத்திட்டு வாசன பாக்கச் சொன்னா எப்புடி? படவு வேற, இது வேறன்னு சொல்லுங்க. இத மட்டும் சும்மா வுட்டுடச் சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆத்திரமும் வரவில்லை. வீட்டுக்குப் போனதும் அந்த மனுஷரிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்தேன். எங்களைக் காப்பாற்றவென்றே ஞாயிறு தவறாமல் குனிந்து குனிந்து பூசியிருக்கிறார்.

சென்சாரைக் கழற்றி பெஞ்சில் வைத்துவிட்டு அவர் கை துடைத்துக்கொண்டிருந்தபோது தலை சுற்றுவது மாதிரி இருந்தது. வெயிலில் வந்த மயக்கம் என்று பெஞ்சைப் பிடித்தேன். மேலே தொங்கிய டியூப்லைட் தானாக ஆடியது. எதிரே இருந்த மாடிக் கட்டடத்திலிருந்து ஆட்கள் செருப்பில்லாமல் இறங்கி ரோட்டுக்கு ஓடிவந்தார்கள். கொஞ்ச நேரத்தில் டீக்கடை டிவியைச் சுற்றிக் கூட்டம். இந்தோனேசியாவுக்குப் பக்கத்தில் கடலுக்கு அடியில் பெரிய நிலநடுக்கம், சுனாமி எச்சரிக்கை, கடலோர மக்கள் உடனே வெளியேற வேண்டும்.

ஐந்து வருஷமாக மேற்கே பார்த்து நின்ற கார் பட்டறையில் பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கிறது. ஓட்டத் தெரிந்தவள் சிதம்பரத்தில் பத்திரமாக இருக்கிறேன். படி இறங்க முடியாத அம்மா கடலோரத்தில் இருக்கிறாள். போன் போட்டேன். லைன் போகவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். அவர் போனும் போகவில்லை, பக்கத்து வீட்டுப் போனும் போகவில்லை.

"பழசையே மாட்டுங்க" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"இது கெட்டுப்போனது டீச்சர். மாட்டுனாலும்..."

"ஓட்டைய அடைக்கவாவது மாட்டுங்க. வண்டி ஓடுமா, ஓடாதா?"

அவர் மறுபடி குனிந்தார். இன்ஜின் சூடு இறங்கவில்லை. கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு திருகினார், முழங்கை குழாயில் பட்டுச் சுட்டதையும் பார்க்கவில்லை. கப்ளரை மாட்டாமல் வயரை ஒதுக்கிக் கட்டினார். "இது தப்புத் தப்பா சொல்றதுக்குச் சொல்லாமலே இருக்கட்டும். இன்ஜின் அதுபாட்டுக்கு ஒரு கணக்குல ஓடும். பெட்ரோல் குடிக்கும், புகை வுடும். நின்னு நின்னு போனாத்தான் ஆஃப் ஆவும். ஆக்சிலேட்டர்லேர்ந்து கால மட்டும் எடுக்காதீங்க." பானெட்டை அறைந்து மூடினார். பிறகு ஜன்னலில் குனிந்து, "எல்லாரும் அங்கேர்ந்து இங்க வர்றாங்க. நீங்க அங்க போறீங்களே" என்றார். அதற்கு என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகமில்லை.

வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது தண்ணீரைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். ஆறு சாதாரணமாகத்தான் கிடந்தது. அன்றைக்கும் முதலில் எல்லாம் சாதாரணமாகத்தான் இருந்தது. முட்லூரில் பரங்கிப்பேட்டை ரோட்டிலிருந்து ஜனங்கள் கொட்டிக்கொண்டு வந்தார்கள். ஆட்டோ, டாடா ஏஸ், டிராக்டர், ஒரு பைக்கில் நாலு பேர். ஒருத்தி மடியில் குழந்தையும் கையில் சோற்றுப் பானையுமாக வேனில் தொங்கிக்கொண்டு போனாள். எல்லோருடைய முகமும் எனக்கு எதிரே வந்தது. அத்தனை பேரில் நான் ஒருத்திதான் கடலூர்ப் பக்கம் போகிறேன் என்று தோன்றியது. முகத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டினேன், எந்த வண்டியிலாவது அம்மா இருக்கமாட்டாளா என்று. பேர் சொல்லிக் கூப்பிடாத சாமி இல்லை.

எங்கள் ஊர் திரும்பும் இடத்தில் போலீஸ்காரர் ஒருவர் குறுக்கே கை நீட்டினார். வண்டியை நிறுத்தினேன். வலது காலால் ஆக்சிலேட்டரை அழுத்தியபடியே ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்தேன். இன்ஜின் கதறியது.

"அங்க யாரும் இல்லம்மா, எல்லாரையும் அனுப்பியாச்சு. வண்டிய திருப்பு."

"எங்கம்மா இருக்காங்க சார். நடக்க முடியாது சார்."

"அதான் எல்லாரையும் ஏத்தி அனுப்பியாச்சுன்னு சொல்றனே!"

அவரை நம்ப எனக்கு ஆசையாக இருந்தது. அவர் சொல்வது உண்மையாக இருந்தால் திரும்பிப் போய்விடலாம். ஆனால் அம்மாவைக் கண்ணால் பார்த்தாரா என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. பின்னால் கிளம்பிய கறுப்புப் புகை காற்றில் சுழன்று அவர் முகத்தில் அடித்தது. இருமிக்கொண்டு ஓரடி நகர்ந்தார். ஹேண்ட் பிரேக்கை விட்டேன். "ஏம்மா! ஏம்மா!" என்று பின்னால் கத்துவது கேட்டது.

ஊர் காலியாக இருந்தது. அப்படி ஒரு அமைதியை நான் அங்கே கேட்டதே இல்லை. கதவுகள் திறந்து கிடந்தன. ஒரு வீட்டில் டிவி தனியாகப் பேசிக்கொண்டிருந்தது. ஒரு நாய் வண்டியோடு கொஞ்ச தூரம் ஓடிவந்து நின்றுவிட்டது. எல்லோரும் போய்விட்டார்கள், அம்மாவும் போயிருப்பாள், வீடு பூட்டியிருக்கும், அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். இதையே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு எங்கள் தெருவில் திரும்பினேன்.

அம்மா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். மடியில் மருந்துப் பை. பக்கத்தில் மடக்கிய வாக்கரைப் பிடித்தபடி என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். அவர்களுக்குப் பின்னால், இரண்டு வீடுகளுக்கு நடுவே, ஒரு முழம் அகலத்துக்குக் கடல் தெரிந்தது. இரண்டு பேரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நான் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் இல்லாமல் இருந்திருந்தால்கூட நான் அவ்வளவு பயந்திருக்கமாட்டேன்.

"ஏன் போவல? ஏன் மாமா போவல? ஊரே போயிட்டுது!"

"டிராக்டர் வந்துச்சி புள்ள. நம்ம பங்காளிதான் ஓட்டியாந்தான். ஏத்துடான்னு ரெண்டு தடவ நின்னு கூப்ட்டான். அத்த ஏற மாட்டன்னுட்டாங்க. வுட்டுட்டு நான் எப்புடிப் போறது?"

அம்மாவைப் பார்த்தேன். அவள் பதற்றமே இல்லாமல் சொன்னாள்: "நாங்க போயிட்டா நீ வந்து பாப்ப. போன் வேற போவல. எங்களக் காணம்னா என்னா பண்ணுவ? கரையிலதான் கெடக்குறோம்னு அங்க ஓடுவ. அதான், நீ வர்றவரைக்கும் இருப்போம்னேன்."

அவள் சொன்னதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. வீடு பூட்டியிருந்தால் கட்டாயம் கரைக்குத்தான் ஓடியிருப்பேன்.

அந்தப் பேச்சில் ஆக்சிலேட்டரிலிருந்து கால் நழுவிவிட்டது. இன்ஜின் நின்றது. சாவியைத் திருகினால் இருமிவிட்டு அடங்கியது. அவர் அம்மாவை அப்படியே வாரித் தூக்கிச் சீட்டில் வைத்தார், வாக்கரைப் பின்னால் எறிந்தார், வண்டியின் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தார். "செகண்ட்ல போடு! போடு!" என்று கத்தியபடி தள்ளினார். வண்டி ஓர் உதறு உதறிப் பிடித்துக்கொண்டது. நான் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி செத்துவிடும். ஓடிவந்துதான் பின்கதவைத் திறந்து ஏறினார். அதுவரை கண்ணாடியில் ஓடிவருகிற அவரையும் அவருக்குப் பின்னால் தெரிந்த அந்த ஒரு முழக் கடலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் போய்த்தான் காலை எடுத்தேன். வண்டி நின்றது, அப்புறம் அசையவில்லை. மைதானம் முழுக்க எங்களை மாதிரி ஜனங்கள். கிரீஸைப் பற்றி அப்போதுதான் அவரிடம் சொன்னேன். சண்டை போடத் தெம்பில்லை, மெக்கானிக் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் பானெட்டைத் திறந்து, கட்டி வைத்திருந்த அந்த வயரை விரலால் தொட்டுப் பார்த்தார். "நல்லதுக்குத்தான பூசுனேன்" என்றார். எனக்குத் தெரியும் என்றேன். கறுத்துப்போன அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கூட்டத்தில் அப்படியெல்லாம் பிடிக்கிறவள் இல்லை நான்.

கடல் வரவில்லை. வெயில் தாழ்ந்த பிறகு எச்சரிக்கையை எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். ஜனங்கள் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டே டிராக்டரில் ஏறினார்கள். யாரோ எங்களுக்கு டீயும் பன்னும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அம்மா சீட்டில் காலை நீட்டியபடி பன்னை டீயில் நனைத்துச் சாப்பிட்டாள்.

"அம்மா, இனிமே இப்புடி ஆனா எனக்காகக் காத்துக்கெடக்காத" என்றேன். "யாரு வண்டி வந்தாலும் ஏறிப் போயிடு."

அம்மா மென்று விழுங்கினாள். "சரி. நீயும் எங்கள தேடிக்கினு திரும்பி வராத. எங்க இருக்கியோ அங்கியே இரு."

"சரி" என்றேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நானும் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் ஏறமாட்டாள், நான் திரும்பி வருவேன். கடலைவிட இன்று எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.